அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, மாருதி 800: முதன்முதலாக ரெஸ்டோர் செய்ய எந்தப் பழைய கார்?

பழைய கார் ஒன்றை வாங்கிப் பிரித்து, சரிசெய்து, மறுபடி சாலையில் இறக்க வேண்டும் என்று முடிவு செய்தாகிவிட்டது. இப்போது கண்முன் நான்கு வண்டிகள்: சொந்த ஊரில் தாத்தா வீட்டு ஷெட்டில் நிற்கும் அம்பாசிடர், தெரிந்தவர் தருவதாகச் சொல்லும் பிரீமியர் பத்மினி (நம் ஊர் ஃபியட்), எங்கோ மரத்தடியில் பார்த்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கைக்கு அடக்கமான விலையில் பழைய கார்புரேட்டர் மாருதி 800. நான்குக்கும் மனசு இழுக்கிறது, ஒன்றுக்குத்தான் இடமும் பணமும் இருக்கிறது. இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாட்டிக்கொள்ள முக்கியமான காரணம், வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் "இன்ஜின் ஓடுதா?" என்று கேட்பது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த நான்கு கார்களிலும் இன்ஜின் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. போரிங், கிராங்க் கிரைண்டிங், பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் என்று பட்டியல் போட்டுத் தொகை சொல்லிவிடலாம். துருப்பிடித்த தகட்டுக்கும் சிக்கலான காகிதத்துக்கும் அப்படிப் பட்டியல் போட முடியாது. பாதியில் கைவிட்ட வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டால்தான் நின்றுபோயிருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

தகடு. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். நல்ல தகட்டில் அது பிடித்துக்கொள்ளும். பட்டி (பள்ளத்தை மூடும் பூச்சு) பூசிய இடத்தில் வழுக்கிக் கீழே வரும். சக்கர வளைவின் கீழ்மூலைகள், கதவுகளின் அடிவிளிம்பு, ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பகுதி), டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி ஆகியவற்றை விடாமல் பாருங்கள். உள்ளே தரைவிரிப்பைத் தூக்கி, தரைத்தகட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். நல்ல தகடு அசையாது. துருப்பிடித்தது மொறுமொறுவென்று உள்வாங்கும்.

அம்பாசிடர், பத்மினி, மாருதி மூன்றுக்கும் தனியாகச் சேசிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. அதனால் இன்னொரு சோதனை அவசியம். ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்கச் சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்வரை தூக்கி, அதே பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நின்றபோது சரியாக மூடிய கதவு இப்போது பூட்டில் இடித்தால், ரன்னிங் போர்டின் உட்பெட்டி வலுவிழந்துவிட்டது. வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருந்தாலும் அந்த வண்டியின் முதுகெலும்பு போய்விட்டது என்றே கொள்ளுங்கள்.

டிங்கரிங் (தகடு வேலை) கூலி நாள் கணக்கில் போகும். பட்டறையில் முதலில் சொல்லும் நாள் கணக்கு, பெயிண்டை உரிப்பதற்கு முன் சொன்னது. உரித்த பிறகு அது இரட்டிப்பாகலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது பட்டறைக்காரருக்கும் அதுவரை தெரியாது.

காகிதம். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, வண்டியில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எண் பொறித்த தகட்டின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பழைய பெட்ரோல் அம்பாசிடர்களிலும் ஃபியட்களிலும் டீசல் இன்ஜின் ஏற்றியவை ஏராளம். புத்தகத்தில் பெட்ரோல் என்றிருந்து உள்ளே டீசல் இருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைக்காது. உரிமையாளர் இறந்திருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, பிறகுதான் உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். வாரிசுகள் நால்வர் நான்கு ஊரில் இருந்தால் கையெழுத்து வாங்கவே மாதங்கள் ஓடும்.

'டிஎன் 01' போன்ற இப்போதைய முறைக்கு முந்தைய, மூன்றெழுத்தில் தொடங்கும் பழைய எண் வண்டிகளுக்கு இன்னொரு படி உண்டு. பலவற்றின் விவரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் கையெழுத்துப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும், 'வாகன்' கணினித் தளத்தில் ஏறியிருக்காது. ஏற்றாமல் பெயர் மாற்றமும் நடக்காது, புதுப்பித்தலும் நடக்காது. விற்பவரையே அதை முடித்துத் தரச் சொல்லுங்கள். முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.

கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆனது. ஒருமுறை புதுப்பித்தால் 5 ஆண்டு. இதோடு பசுமை வரியும் உண்டு.

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதிகளின்படி வின்டேஜ் பதிவு என்ற தனி வழி இருக்கிறது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் வண்டி பெரிதாக மாற்றப்படாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் அதை வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வரலாம் என்று நினைப்பவர் இந்தப் பதிவுக்குப் போகக் கூடாது.

உதிரிபாகம். "பார்ட்ஸ் கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. இன்ஜின் பார்ட்ஸ், பாடி தகடு, கண்ணாடியும் ரப்பர் பீடிங்கும், க்ரோம் சாமான்கள் என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். பிஸ்டனும் பேரிங்கும் இன்றும் கிடைக்கும் வண்டிக்கு முன்கண்ணாடி ரப்பர் கிடைக்காமல் போகலாம். க்ரோமில் ஒரு சிக்கல் உண்டு. இரும்பு பம்பரை உரித்து, செம்பு, நிக்கல், குரோமியம் என்று மறுபடி முலாம் பூசிவிடலாம். கதவுக் கைப்பிடி, சின்னங்கள் போன்றவை பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. அதில் கொப்புளம் கிளம்பிவிட்டால் உலோகமே உள்ளே அரித்திருக்கும், முலாம் நிற்காது. ஆகவே க்ரோம் சாமான்கள் முழுதாக இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பெட்ரோல். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. அதற்கு முந்தைய வார்ப்பிரும்பு ஹெட்களில் (சிலிண்டர்களின் மேல்மூடி) வால்வ் சீட்டை, அதாவது வால்வ் வந்து உட்காரும் விளிம்பை, காத்தது அந்த ஈயம்தான். இப்போது வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேய்ந்து, வால்வ் மெல்ல ஹெட்டுக்குள் இறங்கும். டேப்பெட் (வால்வ்) இடைவெளி அடிக்கடி குறைவதே அதன் அறிகுறி. ஹெட்டைக் கழற்றும்போதே கடினப்படுத்திய சீட் வளையம் இறக்கிவிடுங்கள். இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எந்தக் காரை வாங்கினாலும் டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் பெட்ரோலை விட்டு வைக்க வேண்டாம்.

இடம். பிரித்துப்போட்ட காருக்கு இரண்டு கார் இடம் வேண்டும். கூரை இல்லாத இடத்தில் தகடு வேலை தொடங்கவே கூடாது. கடலோர ஊர்களில் உரித்த இரும்பு ஒரே இரவில் பழுப்பேறிவிடும். உரித்த அன்றே எபாக்சி பிரைமர் அடித்தாக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | அம்பாசிடர் | பத்மினி | ஹெரால்டு | மாருதி 800 (கார்புரேட்டர்) |
|---|---|---|---|---|
| எங்கே செய்தது | உத்தர்பாரா | மும்பை குர்லா | சென்னை பெருங்களத்தூர் | குருகிராம் |
| பெட்ரோல் இன்ஜின் | 1489 சிசி (பின்னாளில் 1817 சிசியும்) | 1089 சிசி | 948 சிசி | 796 சிசி, மூன்று சிலிண்டர் |
| பாரம் தாங்குவது | பாடி | பாடி | தனிச் சேசிஸ் | பாடி |
| நீளம் ஏறத்தாழ | 4.3 மீ | 3.9 மீ | 3.9 மீ | 3.3 மீ |
| இன்ஜின் பார்ட்ஸ் | எளிது | பரவாயில்லை | தேட வேண்டும், இங்கிலாந்தில் எளிது | மிக எளிது |
| பாடி, க்ரோம் சாமான் | பரவாயில்லை | குறைந்துவருகிறது | கடினம் | தகடு எளிது, முதல் மாடலுக்குக் கடினம் |
| வின்டேஜ் பதிவு | பழைய மாடல்களுக்கு மட்டும் | பழைய மாடல்களுக்கு மட்டும் | எல்லாவற்றுக்கும் | இப்போதைக்கு இல்லை |

## அம்பாசிடர்

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வெளிவந்தது. முதல்முறை ரெஸ்டோர் செய்பவருக்கு இது பெரிய வரம். இவ்வளவு காலம் ஒரே அமைப்பில் வந்ததால், இதன் இன்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் தமிழ்நாட்டில் இன்னும் எல்லா ஊரிலும் ஒருவராவது இருக்கிறார்.

1489 சிசி இன்ஜின் எளிமையானது. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், புஷ்ராட் வால்வ், மூன்று மெயின் பேரிங். வால்வ் இடைவெளி 0.015 அங்குலம், பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளியும் அதே அளவு, ஃபயரிங் வரிசை 1-3-4-2. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் ஒரே இலையில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். சிலிண்டரின் உட்சுவர் (போர்) தேய்ந்தால் 20, 40, 60 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று அளவு கூட்டிப் போரிங் செய்யலாம். பிஸ்டன் தலையில் என்ன அளவு பொறித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே 60 என்றிருந்தால் அடுத்தது ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கும்) வேலைதான், அதற்கேற்பச் செலவு ஏறும்.

கிளட்ச் பெல் ஹவுசிங்கிலிருந்து ஆயில் சொட்டுவது இந்த இன்ஜினின் பழக்கம். பின்பக்க மெயின் பேரிங்கில் ரப்பர் சீல் இல்லை. கிராங்கில் வெட்டிய திருகுமரைதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறினால் அந்த மரையால் தாக்குப்பிடிக்க முடியாது. சொட்டு நிற்கவில்லை என்று கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன், பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். பிறகு கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 முதல் 15 சதவீதத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ்.

இந்த வண்டியின் நிஜமான அபாயம் முன்பக்க டார்ஷன் பாரில் இருக்கிறது. முன் சக்கரத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது. நீளமான எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. அதன் பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குத் தகடு துருப்பிடித்தால் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். "ஸ்பிரிங் வீக்" என்று விற்பவர் சொல்வார். சமதளத்தில் நிறுத்தி, இரு முன்சக்கர வளைவுகளுக்கும் தரையிலிருந்து உயரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அடியில் படுத்து அந்தக் குறுக்குத் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். கழற்றும்போது இடது தண்டு, வலது தண்டு என்று குறியிட்டு வையுங்கள். ஓடிய தண்டை இடம் மாற்றிப் போட்டால் எதிர்த்திசையில் முறுக்கி உடைத்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு, வண்டியின் அளவு. தகடு தடிமன், பரப்பும் பெரிது, பெயிண்டும் அதற்கேற்ப இழுக்கும். சீட் இரண்டும் சோபா அளவு, அப்ஹோல்ஸ்டரி துணியை மீட்டர் கணக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 1817 சிசி இசுசு இன்ஜினும் ஐந்து கியரும் வந்த மாடல் நெடுஞ்சாலைக்கு நல்ல தேர்வு. ஆனால் 1500 சிசி தாண்டுவதால் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் படி எகிறும். 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்குமேல் 7,897 ரூபாய். 1000 சிசிக்குள் இருக்கும் ஹெரால்டுக்கும் மாருதிக்கும் 2,094தான்.

குடும்பத்தோடு ஓட்ட வேண்டும், ஊர் மெக்கானிக்கே பார்க்க வேண்டும், இடம் இருக்கிறது என்றால் அம்பாசிடரை எடுங்கள்.

## பிரீமியர் பத்மினி

நம் ஊரில் யாரும் இதைப் பத்மினி என்று சொல்வதில்லை, ஃபியட்தான். 1964-இல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்து, 1970களில் பிரீமியர் ஆகி, 2000 வாக்கில் நின்றது. அம்பாசிடரைவிடச் சிறியது, லேசானது, ஓட்டச் சுகமானது. குறுகிய தெருவில் வீடு இருப்பவருக்கு ஷெட்டில் நுழைவது முதல் எல்லாம் எளிது.

ஆனால் இன்ஜினில் ஒரு விஷயம் நேர்மாறு: ஹெட் அலுமினியம். வால்வ் சீட் ஏற்கெனவே தனி வளையமாக இருப்பதால் ஈயமில்லா பெட்ரோல் பிரச்சினை குறைவு. அதற்குப் பதில் சூடுதான் எதிரி. ஒருமுறை தண்ணீர் கொதித்தாலும் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். வாங்கும்போது ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது. ஆயில் மூடியின் உள்புறம் காபி நுரைபோல இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். ஹெட்டைக் கழற்றியபின் நேர்விளிம்பு ஸ்கேலை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் 0.10 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் லேத்தில் ஃபேஸிங் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை ஃபேஸிங் ஆன ஹெட்டாக இருந்தால் உயரம் குறைந்து நாக்கிங் வரும். அப்போது வேறு ஹெட் தேடுவதுதான் வழி.

ரேடியேட்டரைப் பிரித்து உள்குழாய்களைச் சுத்தம் செய்யாமல் ஃபியட்டை மே மாதம் வெளியே எடுக்காதீர்கள். அந்த வெயிலில் இன்னொன்றும் நடக்கும். நின்று நின்று போகும் டிராஃபிக்கில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பது ஃபியட்காரர்களின் பழைய வைத்தியம். நிரந்தரமாகத் தீர, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டி, நடுவில் ஒரு வெப்பத்தடுப்புத் தகடு வையுங்கள். பம்ப்புக்கும் பிளாக்குக்கும் இடையில் உள்ள வெப்பம் கடத்தாத தடிப்பான பேக்கிங்கை யாரோ எடுத்துவிட்டு வெறும் காகித கேஸ்கெட் போட்டிருப்பார்கள். அதைத் திரும்பப் போட்டாலே பாதி குணமாகும்.

கை கியர் (ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியர்) 'விழவில்லை' என்று சொல்லும் வண்டிகளில் கியர்பாக்ஸைக் குறை சொல்லும் முன், ஸ்டீயரிங் தண்டிலிருந்து கீழே வரும் இணைப்புகளின் புஷ்களைப் பாருங்கள். அவை தேய்ந்தாலே கியர் இடம் மாறி விழும். கோவையில் ஒரு லேத் பட்டறையில் அரை நாளில் திருகிக் கொடுத்துவிடும் சாமான் இது.

உதிரிபாகத்தில்தான் காலம் எதிராகப் போகிறது. நாடு முழுவதும் ஃபியட் பார்ட்ஸ் ஓடியதற்கு மும்பை டாக்ஸிகள் ஒரு பெரிய காரணம். அங்கே கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் வயது வரம்பை எட்டிவிட்டது. தினமும் ஓடும் வண்டிகள் போனபின் புதுச் சாமான் செய்வோருக்கும் தேவை குறைகிறது. ஆகவே ஃபியட் எடுப்பவர் முதல் மாதத்திலேயே கேஸ்கெட் செட், வாட்டர் பம்ப் கிட், வீல் சிலிண்டர் கிட், கண்ணாடி பீடிங் ஆகியவற்றை வாங்கிப் பரணில் வைத்துவிட வேண்டும். சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் நேரில் ஒரு நாள் செலவழித்தால் பாதிப் பட்டியல் தீரும். மாதிரிக்குப் பழைய சாமானைக் கையில் கொண்டு போங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காதது, காட்டிக் கேட்டால் கிடைக்கும்.

தகட்டில், பேட்டரி தட்டுக்கு அடிப்பகுதியும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடமும்தான் முதலில் போகும். பட்டைத் தொங்கல் பிடித்திருக்கும் தகடு பிய்ந்த வண்டியை, மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல்முறை எடுப்பவர் விட்டுவிடுவது நல்லது.

## ஸ்டாண்டர்டு ஹெரால்டு

சென்னையில் பிறந்த கார். டிரையம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் 1971 வரை பெருங்களத்தூர் ஆலையில் செய்தது. நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டும் வந்தது, இங்கிலாந்தில் கிடையாது. எல்லா ஹெரால்டும் 50 வயதைத் தாண்டிவிட்டதால், அசலாக இருந்தால் வின்டேஜ் பதிவுக்கு முழுத் தகுதி உண்டு.

கைவேலை கற்க விரும்புகிறவருக்கு நான்கில் இதுபோல ஒன்று இல்லை. தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட்டில் நிற்கும் பாடி. பானெட்டும் இரு ஃபெண்டரும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். பாடியை முன்பாதி, பின்பாதி, மேற்கூரை என்று போல்ட்டைக் கழற்றிப் பிரிக்கலாம். நான்கு பேர் இருந்தால் கிரேன் தேவையில்லை. ஆனால் கழற்றுமுன் கதவு இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதிவைக்க வேண்டும். சேசிஸின் பக்கக் கைகளுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் வாஷர்களும் ரப்பர்களும் எத்தனை, எந்த இடத்தில் என்று ஒரு பலகையில் ஆணி அடித்து மாட்டிவையுங்கள். அவை கலந்துபோனால் கதவை மறுபடி மூடவைக்க வாரக்கணக்கில் ஆகும்.

துரு தேட வேண்டிய இடமும் அந்தப் பக்கக் கைகள்தான். சேசிஸின் நடு முதுகெலும்பு நன்றாக இருக்கும், பக்கக் கை அப்பளமாக நொறுங்கும். அவற்றைச் செய்து பற்றவைப்பது கடினமல்ல, ஆனால் பாடி மேலே இருக்கும்போதே, ஒரு நேரத்தில் ஒரு கை என்று செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டினால் அளவு போய்விடும்.

மூன்று இடங்களில் கவனம். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும், 90 கிரேடு. கிரீஸ் நிப்பிள் போலவே இருப்பதால் பட்டறைகளில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் கீழே இறங்காது. உள்ளே மரை வறண்டு, நீர் புகுந்து அரித்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும். வாங்கிய உடனே இரு பக்கமும் கழற்றி மரையைப் பார்க்காமல் இந்தக் காரை ஓட்டாதீர்கள்.

அடுத்தது கிராங்க். யாராவது கிளட்ச்சை மிதிக்கும்போது இன்ஜின் முன்புறக் கப்பியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. தேய்ந்த வாஷர் கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அறுக்கும். ஆயில் சம்ப்பை இறக்கினால் மாற்றிவிடக்கூடிய சிறு துண்டு, விட்டுவிட்டால் பிளாக் போகும். மூன்றாவது, பின்பக்கம். குறுக்காகக் கிடக்கும் பட்டை ஸ்பிரிங் தளர்ந்தால் பின் சக்கரங்கள் இரண்டும் மேல்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்து நிற்கும். பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றலாம். ஹப் பேரிங் மாற்றுவதுதான் தொல்லை, சரியான புல்லர் இல்லாமல் சுத்தியலால் அடித்தால் தண்டின் முனை பூப்போல விரிந்துவிடும்.

இன்ஜின், சஸ்பென்ஷன் சாமான்களை இங்கிலாந்தின் டிரையம்ஃப் கடைகளிலிருந்து வரவழைக்கலாம். தபாலும் சுங்கமும் சேர்ந்தால் சாமான் விலைக்குச் சமமாகப் போகலாம், அதைக் கணக்கில் வையுங்கள். ஆனால் நான்கு கதவு மாடலின் கதவு, பின்பக்கத் தகடு, கண்ணாடி அங்கேயும் கிடைக்காது. அது உடைந்த வண்டியை எடுத்தால் இன்னொரு ஹெரால்டை வாங்கித்தான் முடிக்க வேண்டிவரும்.

## மாருதி 800

1983 டிசம்பரில் முதல் வண்டி வந்தது, 2014 ஜனவரியில் நின்றது. இதையெல்லாம் ரெஸ்டோர் செய்வார்களா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. செய்ய வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டிகள் வேகமாகக் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

இன்ஜின் கவலையே இல்லை. அதே 796 சிசி இன்ஜின் ஆம்னியில் நெடுங்காலம் ஓடியதால் பிஸ்டன் முதல் கேஸ்கெட் வரை எந்த ஊரிலும் கிடைக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்பவர் சொல்வதை நம்பாமல் முதல் நாளே மாற்றுங்கள்.

சிக்கல் தகட்டில். மற்ற மூன்றையும்விட மெல்லியது. கேஸ் வெல்டிங் வைத்தால் சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும், சிறு சிறு புள்ளிகளாக சிஓ2 வெல்டிங்தான் வைக்க வேண்டும். தரையில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் ஈரத்தைப் பிடித்துவைத்து மேலிருந்தே அரிக்கும். முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பிடித்திருக்கும் கோபுரத் தகட்டில் விரிசலோ துருவோ இருந்தால் வேறு வண்டி பாருங்கள். அங்கே ஒட்டுப்போட்டால் சக்கர அலைன்மென்ட் நிற்காது.

1986-க்கு முந்தைய முதல் உருவம் சேகரிப்பவர்களிடம் மதிப்பு கூடியது. ஆனால் அதன் விளக்கு, கிரில், டேஷ்போர்டு பிளாஸ்டிக் கிடைப்பது அரிது. முழுதாக இருந்தால் மட்டும் எடுங்கள். அடுத்த உருவத்துக்கு எல்லாம் கிடைக்கும், அதனால் விற்கும்போது பெரிய விலையும் கிடைக்காது.

அப்பார்ட்மென்டில் ஒரே ஒரு பார்க்கிங் இடம், வார இறுதி மட்டும் நேரம், ஒரு வருடத்துக்குள் முடித்து ஓட்ட வேண்டும் என்பவருக்கு இதுதான் சரி.

## பாதி பிரித்த வண்டி

நான்கில் எதுவானாலும், "எல்லாம் பெட்டியில் இருக்கு சார், பூட்டினா போதும்" என்று வரும் வண்டிக்கு விலை மிகக் குறைவாக இருக்கும். பெட்டியில் எது இல்லை என்பது பாதிப் பூட்டிய பிறகுதான் தெரியும். முன்பு இதே மாடலைப் பிரித்துப் பூட்டிய அனுபவம் இல்லாதவர் எடுக்க வேண்டாம். ஓடாவிட்டாலும் முழுதாகப் பூட்டி நிற்கும் வண்டியே மேல்.

அப்படி நெடுநாள் நின்ற வண்டியை வாசலிலேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். துருப்பிடித்த ரிங் போரைக் கீறிவிடும். பிளக் எல்லாம் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் முதலில் கையால் சுற்றுங்கள். அம்பாசிடர், பழைய ஃபியட், ஹெரால்டு என்றால் ஹேண்டில் போட்டு, மாருதி என்றால் கிராங்க் கப்பி நட்டில் ஸ்பேனர் மாட்டி. இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தபிறகு, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் அழுத்தம் ஏறுகிறதா பாருங்கள். பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு, வெளியே ஒரு கேனிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பிரேக் ஒரே சர்க்யூட், ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும். நான்கு வீல் சிலிண்டரையும் பிரித்து, கிட் மாற்றி, புது பிரேக் ஆயில் விட்டு, பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றும்வரை வண்டி லாரியில்தான் வீட்டுக்கு வர வேண்டும்.